வம்சவான் மேடையில் ஒரு ஸ்திரீபார்ட்

மலேசியாவின் ஜொகூரில் உள்ள கோத்தா திங்கிக்குப் போகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள். நேரம் இருந்தால் கம்போங் மாக்காமில் உள்ள சுல்தான் மஹ்மூத் ஷாவின் சமாதிக்கும் போய் வருவார்கள். 1699-ல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் போகும்போது தன் தளபதி மெகாட் ஸ்ரீ ராமாவின் கையால் மாண்டவர் அவர். எல்லாம் ஒரு பலாச்சுளையால் வந்த வினை என்கிறது ஊர்க்கதை. தளபதியின் மனைவி டாங் அனும் பிள்ளைத்தாய்ச்சி. அரண்மனைத் தோட்டத்துப் பலாவுக்கு ஆசைப்பட்டு ஒரு சுளை தின்றுவிட்டாள். வயிற்றுப் பிள்ளைதான் கேட்டது என்று அவள் மன்றாட, அப்படியானால் வயிற்றைக் கிழித்துப் பார் என்றாராம் சுல்தான்.

இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது பங்சாவான் நாடகம். அந்த நாடகம் பிறந்த கதை நம் வீட்டுக் கதையும்தான்.

சொல்லிலேயே தொடங்கலாம். மலாயில் 'பங்சா' என்பது நம் வம்சம். தனவான், பலவான் என்பதுபோல வம்சவான், அதுவே பங்சாவான். உயர்குடிப் பிறந்தோர் என்று பொருள். ராஜா ராணிக் கதைகளையே நிறைய ஆடியதால் பெயர் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது.

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. அவர்கள் பேசிய இந்துஸ்தானி பலருக்குப் புரியவில்லை. ஆனால் எழுதின திரையும், ஜரிகை உடுப்பும், ஆர்மோனியமும் தபலாவும் ஊரையே கட்டி இழுத்தன. வந்தவர்கள் திரும்பும்போது உடுப்பையும் திரைகளையும் மாமாக் புஷி என்பவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். 1885-ல் 'புஷி இந்திரா பங்சாவான்' குழு பிறந்தது. பார்சி மேடைச் சரக்கு, மலாய் வசனம். அடுத்தடுத்துக் குழுக்கள் முளைத்தன. விக்டோரியா மகாராணியின் பெயரையே சூட்டிக்கொண்ட ஜாவி பெரானாக்கான் குழுவும் அவற்றில் ஒன்று. ஜாவி பெரானாக்கான் என்றால் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்கள். தமிழ் ரத்தமும் அதில் உண்டு.

பார்சி மேடையில் அன்று பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பெண் வேடம் கட்டினார்கள். பங்சாவானிலோ பெண்ணே மேடைக்கு வந்தாள். அவள் பெயர் 'ஸ்ரீ பாங்கோங்', மேடையின் திருமகள். நம் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்பதுபோல அங்கே ஓராங் மூடா, ஸ்ரீ பாங்கோங், பெலாவாக்.

அவளுடைய வேலை லேசானதல்ல. எழுதி வைத்த வசனம் கிடையாது. இன்று இன்ன கதை, உனக்கு இன்ன வேடம் என்று சொல்லிவிடுவார்கள்; மீதியை மேடையில் நின்றபடியே இட்டுக்கட்ட வேண்டும். காட்சி மாற்ற உள்ளே அரண்மனைத் திரையை இறக்கிக் காட்டுத் திரையை ஏற்றுவார்கள். அந்த இடைவெளியில் முன்திரைக்கு வெளியே பாட்டும் ஆட்டமும் நடக்கும். 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று அதற்குப் பெயர். இப்போது கொண்டாட்டப் பாட்டுப் பாடிப் போனவளே, திரை விலகினால் பிள்ளைத்தாய்ச்சியாக நின்று உயிர்ப்பிச்சை கேட்க வேண்டும். இத்தனைக்கும் கூத்தாடிப் பெண் என்று ஊர் அவளை இளக்காரமாகவே பார்த்தது. கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் காலமும் இதை ஒட்டியதுதான். அங்கேயும் மேடையேறிய பெண்ணுக்குக் கைதட்டல் கிடைத்த அளவுக்கு மரியாதை கிடைக்கவில்லை.

பிறகு சினிமா வந்தது. 1934-ல் சிங்கப்பூரில் வெளியான முதல் மலாய்ப் படம் 'லைலா மஜ்னூன்'. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். லைலாவாக நடித்த ஃபாத்திமா ஜாஸ்மான் பங்சாவான் மேடையில் பழகிய பெண். மலாய்த் திரையின் முதல் நாயகியைத் தயார்செய்து கொடுத்தது பார்சிக்காரர்கள் விட்டுப்போன அந்தத் திரைச்சீலைதான் என்று துணிந்து சொல்வேன். கோத்தா திங்கி சுல்தானின் கதையும் 1961-ல் கே. எம். பாஸ்கர் இயக்கத்தில் படமானது.

கோத்தா திங்கிக்குப் போனால் சுல்தானின் சமாதியோடு திரும்பிவிடாதீர்கள். அதே ஊரில் கம்போங் கிளந்தானில் டாங் அனுமுக்கும் ஒரு சமாதி இருக்கிறது. அங்கேயும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.