உருக்குப் பேனா செய்த நகர்

பேனா என நாம் வழங்கும் சொல் போர்த்துக்கேய மொழியில் இறகைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பியர் எழுதியது வாத்தின் இறகினாலேயே. இறகின் கூர் விரைவில் மழுங்கிவிடும். சிறு கத்தியாற் சீவிச் சீவியே எழுதவேண்டும். பேனாக்கத்தி என்ற பெயர் எழுந்தது இவ்வேலையினாலேயே. பள்ளி ஆசிரியரின் பொழுதிற் பெரும்பங்கு, மாணாக்கர் நீட்டிய இறகுகளைச் சீவிக் கொடுப்பதிற் கழிந்தது.

உருக்கினாற் பேனா செய்யும் முயற்சி அதற்கு முன்னரே உண்டு. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் சாவி வளையம் செய்துவந்த சாமுவேல் ஆரிசன் என்பார், விஞ்ஞானி பிரீஸ்ற்லிக்கு 1780ஆம் ஆண்டளவில் உருக்குப் பேனா ஒன்று செய்து கொடுத்தாரென்பர். எனினும் கையாற் செய்த அக்காலப் பேனாக்கள் விலையில் மிக்கவை, விறைப்பானவை, தாளைக் கீறிவிடுபவை.

குறையைத் தீர்க்கும் வழி பேர்மிங்காமிற் புலப்பட்டதில் வியப்பில்லை. பொத்தான், கொளுக்கி முதலிய சிறு உலோகப் பொருள்களைக் கையால் இயக்கும் திருகுப் பொறியில் வெட்டி அழுத்திச் செய்வதில் அந்நகரத்தார் கைதேர்ந்தவர்கள். உருக்குத் தகட்டுக்குச் செபீல்ட் நகர் அருகில் இருந்தது. பொத்தானுக்குப் பயன்பட்ட பொறியைப் பேனாவுக்குத் திருப்பியதே அங்கு நிகழ்ந்த புதுமை. யோன் மிச்செல் என்பார் 1822இல் இம்முறையைத் தொடங்கினார் என்பது வழக்கு. அவருடைய தங்கையை மணந்த யோசேப்பு கில்லற், செபீல்ட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தம் திருமண நாட் காலையிலும் அவர் பேனா செய்து விற்றார் என்றொரு கதை உண்டு. பிற்காலத்திற் பெருஞ்செல்வரான அவர் ஓவியர் ரேணரின் படங்களை விரும்பி வாங்கிச் சேர்த்தார்.

இவர்கள் யாவரினும் நினைக்கத்தக்கவர் யோசயா மேசன். 1795இற் பிறந்து, எட்டு வயதிலேயே தெருவிற் பணியாரம் விற்றவர். எழுத்தைத் தாமாகவே முயன்று கற்றவர். 1828இல் ஒரு புத்தகக் கடையின் சாளரத்தில் ஒன்பது உருக்குப் பேனாக்கள் மூன்றரைச் சிலிங் விலையில் வைக்கப்பட்டிருக்கக் கண்டார். ஒன்றை ஆறு பென்சுக்கு வாங்கி, வீடு சென்று அதனிலும் நல்லதாகச் செய்து, அதிற் பொறித்திருந்த இலண்டன் வணிகர் பேரிக்கு அனுப்பினார். பேரி உடனே பேர்மிங்காமுக்கு விரைந்து வந்தார். அன்றிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மேசனின் தொழிற்சாலை செய்த பேனாக்களில் மிகப் பல பேரியின் பெயரையே தாங்கிச் சென்றன. உலகுக்குப் பேனா கொடுத்தவரின் பெயரை அப்பேனா பிடித்தவர்கள் அறியாதிருந்தனர்.

ஒரு பேனாமுனை எளிய பொருளாகத் தோன்றும்; அதன் பின்னுள்ள வேலையோ மிகப் பல. தகட்டை அமிலத்திலிட்டுத் தூய்மையாக்கி, உருளைகளால் மெலிதாக்கி, முனையின் வடிவில் வெட்டுவர். நடுவே துளையிட்டு, சூடேற்றி மென்மையாக்கி, வளைத்து, மீண்டும் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி வன்மையூட்டுவர். பின்னர் தீட்டிப் பிளப்பர். துளை, பிளவு மேலே ஓடாமற் காக்கும். பிளவு நேராகவும் நடுவிலும் அமையாவிடின் பேனா எழுதாது.

இவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்தவர் பெண்களே. வெட்டும் பொறியின் கைப்பிடியை இழுத்து, திறமையுள்ள ஒருத்தி ஒரு நாளில் 18,000க்கு மேற்பட்ட முனைகளை வெட்டுவாள். வேலை நேரத்திற் பேசினாலும் பாடினாலும் கூலியிற் குறைப்பர். வந்தவருள் பள்ளிப் பருவச் சிறுமியரும் இருந்தனர். பிற பிள்ளைகளின் எழுத்துக்குக் கருவி செய்த அவர்கட்குத் தம் கையில் அதைப் பிடித்துப் பழக ஓய்வு கிடைத்ததோ என்பதே வருந்தத்தக்க வினா.

தொடக்கத்தில் ஒரு சிலிங் வரை விற்ற முனை, பின்னர் பன்னிரண்டு டசின் சில பென்சுக்குக் கிடைத்தது. 1840இல் வந்த ஒரு பென்ஸ் தபாலும், 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டமும் எழுதுவோர் தொகையைப் பெருக்கின. பேர்மிங்காமில் ஏறக்குறைய நூறு பேனாத் தொழிற்சாலைகள் எழுந்தன. பிரித்தானிய ஆட்சி நடந்த நாடுகளின் அலுவலகங்களிலும் பள்ளி மேசைகளின் மைக்கூடுகளிலும் அந்நகரின் முனையே தோய்ந்தது.

மேசன் தம் செல்வத்தில் ஓர் அநாதை இல்லமும் விஞ்ஞானக் கல்லூரியும் நிறுவினார். 1880இல் திறக்கப்பட்ட அக்கல்லூரியே 1900இற் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு அடிப்படையாயிற்று. அவர் 1881இற் காலமானார்.

மை நிரப்பும் பேனாவை 1884இல் வாட்டர்மன் செம்மைப்படுத்தினார். 1938இற் பீரோ குமிழ்முனைப் பேனாவுக்கு உரிமம் பெற்றார். தோய்த்தெழுதும் முனை படிப்படியாகப் பள்ளிகளை விட்டகன்றது; தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1863இற் கட்டப்பட்ட அவற்றுளொன்றில் 2001இற் பேனாக் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கு செல்வோர் பழைய பொறியின் கைப்பிடியை இழுத்துத் தாமே ஒரு முனையைச் செய்து பார்க்கலாம்.