எழுதியது எப்போது எழுத்தாகும்?

மதீனத்தின் ஏழு ஃபுகஹாக்களுள் ஒருவராகிய உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் தம் மைந்தர் ஹிஷாமிடம், எழுதி முடித்தாயிற்றா என ஒருமுறை வினவினார்கள். ஆம் என்றார் மைந்தர். எழுதியதை மூலத்தோடு ஒத்துப் பார்த்தாயிற்றா என அடுத்து வினவினார்கள். இல்லை என்று விடை வந்தது. அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று கூறிவிட்டார்கள் தந்தையார்.

ஹதீஸ் கலை நூல்களில் வழிவழியாக எடுத்துரைக்கப்படும் இச்சிறு நிகழ்ச்சியை மதறஸாவில் ஓதியோர் அனைவரும் அறிவர். ஆயினும் இதன் ஆழத்தை அறிய வேண்டின் உர்வா அவர்களின் வாழ்வையும் நோக்க வேண்டும். ஹிஜ்ரீ 63-இல், அதாவது கி.பி. 683-இல், மதீனா ஹர்ராப் போரில் சிக்குண்ட நாளில் அவர்கள் தம்மிடமிருந்த ஏடுகளைத் தாமே எரித்துவிட்டார்கள். பின்னாளில் அதனை எண்ணி எண்ணி வருந்திய அவர்கள், தம் குடும்பமும் செல்வமும் போயிருந்தாலும் அவ்வேடுகள் இருந்திருக்கலாகாதா என ஏங்கினார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஏட்டை இழந்த துயரை அறிந்த ஒருவர்தாம், ஒத்துப் பாராத ஏட்டை ஏடென்றே ஏற்க மறுத்தார். ஏடு இல்லாமற் போவது ஓர் இழப்பு. பிழையுள்ள ஏடு நம்பப்படுவதோ அதனினும் பெரிய இழப்பு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தொடக்க காலத்தில் எழுத்தைப் பற்றியே இரு கருத்துகள் நிலவின. எழுதி வைத்தால் மனனம் தளரும், இறைமறையோடு பிற சொற்கள் கலந்துவிடும் என அஞ்சினோர் ஒரு சாரார். எழுதாவிடின் அறிவு மறைந்துபோகும் என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரின் சான்றுகளையும் தொகுத்துத் தனி நூலே இயற்றினார்கள் கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரீ 463, கி.பி. 1071). காலப்போக்கில் எழுத்தே வென்றது. ஆனால், எழுத்தை ஐயுற்றோரின் அச்சம் வீண்போகவில்லை. அந்த அச்சமே எழுத்துக்குக் காவலாக நின்று, எழுதுவோனுக்குரிய ஒழுங்குகளாக வடிவெடுத்தது.

டமாஸ்கஸ் நகரின் ஒழுங்குகள்

அவ்வொழுங்குகளைச் செப்பமாகத் தொகுத்தளித்தவர்களுள் தலையாயவர்கள் இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள். டமாஸ்கஸ் நகரின் தாருல் ஹதீஸில் அஷ்ரஃபிய்யாவில் பாடம் நடத்திய அன்னார் ஹிஜ்ரீ 643-இல் (கி.பி. 1245) மறைந்தார்கள். ஹதீஸ் கலையை 65 வகைகளாகப் பகுத்து அவர்கள் ஆக்கிய நூலில் 25-ஆவது வகை முழுவதும் எழுதுவது எப்படி என்பதைப் பற்றியதே. அவர்களுக்கு முன் மேதை காழீ இயாழ் (ரஹ்) அவர்களும் (மறைவு ஹிஜ்ரீ 544) இப்பொருளை விரித்து எழுதியிருந்தார்கள். இப்பெருமக்கள் கூறுவனவற்றுள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, எழுத்துத் தெளிவாக இருத்தல் வேண்டும். காரணமின்றிச் சிறுத்த எழுத்தில் எழுதுவதை அவர்கள் வெறுத்தார்கள். தம் உறவினர் ஹன்பல் இப்னு இஸ்ஹாக் நுண்ணெழுத்தில் எழுதக் கண்ட இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், மிகத் தேவைப்படும் நாளில் அது உன்னைக் கைவிட்டுவிடும் என எச்சரித்தார்கள். கண்ணொளி மங்கும் முதுமையில் பயன்படாத எழுத்தால் என்ன பயன் என்பது கருத்து. தாள் வாங்க வசதியற்றோனுக்கும் சுமை குறைய விரும்பும் வழிப்போக்கனுக்கும் மட்டும் விலக்கு அளித்தார்கள். விதியை வகுத்தபோதும் வறியவனின் நிலையை அவர்கள் மறக்கவில்லை என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

இரண்டாவது, பெயர்களில் தனிக் கவனம் வேண்டும். பிற சொற்களில் ஐயம் எழுந்தால் முன்பின் வாசகங்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஒருவர் பெயரை அவ்வாறு ஊகித்தல் இயலாது. ஆகவே, அரிய பெயர் வருமிடத்து அதனை வரியில் எழுதுவதோடு, நேரெதிரே ஓரத்திலும் தனித்து எழுதிப் புள்ளியும் குறியும் இட்டுவிடுதல் நன்று என்றார்கள். மேல்வரியின் புள்ளி கீழ்வரியின் எழுத்தில் விழுந்து மயக்கம் தரும் என்பதையும் கண்டு சொன்னார்கள்.

மூன்றாவது, அதபு. ‘அப்துல்லாஹ்’ என்னும் பெயரில் ‘அப்து’ என்பது ஒரு வரியின் இறுதியிலும் ‘அல்லாஹ்’ என்பது மறுவரியின் தொடக்கத்திலும் விழுமாறு எழுதலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயர் வருந்தோறும் ஸலவாத்தைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும். திரும்பத் திரும்ப எழுதுவதில் சலிப்புக் கூடாது. இன்று நாம் அடைப்புக்குறிக்குள் ஓரிரு எழுத்தாக இடுவது இடங்கருதி ஏற்பட்ட வழக்கு. அவ்விடத்தில் நாவாவது முழுமையாக ஓதும் என்ற நம்பிக்கையில்தான் அச்சுருக்கம் நிற்கிறது.

நான்காவதும் தலையாயதும் ‘முகாபலா’ என்னும் ஒப்பு நோக்குதல். ஒரு ஹதீஸுக்கும் அடுத்த ஹதீஸுக்கும் இடையே சிறு வட்டம் ஒன்று இடுவர். கதீபுல் பக்தாதீ அவர்கள் அவ்வட்டங்களை முதலில் வெறுமையாகவே விடுமாறு கூறினார்கள். மூலத்தோடு ஒத்துப் பார்த்த பின்னரே ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் ஒரு புள்ளி இடப்படும். ஏட்டைப் பிரித்த மாத்திரத்தில் எதுவரை சரிபார்க்கப்பட்டது என்பதைக் கண் கண்டுகொள்ளும். உர்வா அவர்கள் மைந்தரிடம் கேட்ட வினாவுக்கு விடை அந்தப் புள்ளியில் இருந்தது.

திருத்துவோனின் அடக்கம்

எழுதுவதைக் காட்டிலும் திருத்துவதில்தான் அவர்களின் பேணுதல் வியப்பளிக்கிறது. தவறாக எழுதப்பட்டதைக் கத்தியால் சுரண்டி எடுப்பதை அவர்கள் விரும்பவில்லை. சொல் படிக்கும்படியாகவே இருக்க, அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிடுவதே சிறந்தது என்றார்கள். ஹதீஸ் கேட்கும் அவைக்குக் கத்தி கொண்டுவருவதையே ஷைகுமார்கள் வெறுத்தனர் எனக் காழீ இயாழ் அவர்கள் பதிந்துள்ளார்கள். இன்று பிழையென்று சுரண்டப்படும் சொல், நாளை வேறொருவரின் அறிவிப்பில் சரியென்று தெரியவரலாம். சுரண்டியெடுத்த பின்னர் அதனை எங்கே தேடுவது?

மூலத்தில் ஒரு சொல் அவ்வாறே வந்துள்ளது. ஆயினும் இலக்கணத்தாலோ பொருளாலோ அது பொருந்தவில்லை என்றால் என் செய்வது? சொல்லை மாற்றக் கூடாது. அதன்மேல் ‘ழப்பா’ எனப்படும் ஒரு குறியை இட வேண்டும். சரியானதாயினும் படிப்போர் ஐயுறக்கூடிய சொல்லின்மேல் ‘ஸஹ்’ என முழுமையாக எழுதுவர். ழப்பாவோ அதன் தலையெழுத்தாகிய ஸாதை மட்டும் நீட்டி எழுதியது போன்ற அரைகுறைக் குறி. வந்த வழி சரி, வந்த சொல் முழுமையன்று என்பதைக் குறியின் அரைகுறை வடிவமே உணர்த்திவிடுகிறது. உடைந்த கலத்துக்கு இடும் ஒட்டுக்கும் இப்பெயரே வழங்குவதை இமாமவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். என் அறிவுக்கு எட்டாதது எவருக்கும் எட்டாது என்று எண்ணாத அடக்கம் இக்குறியில் பொதிந்துள்ளது.

இதனால் பிழையே நேராதென்று அவர்கள் எண்ணினார்கள் அல்லர். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் ‘ரிஸாலா’ என்னும் நூலை அவர்களின் மாணாக்கர் முஸனீ அவர்கள் 80 தடவை அவர்களிடமே படித்துக்காட்டினார்கள் என்றும், ஒவ்வொரு தடவையும் ஏதேனும் ஒரு பிழை தென்பட்டதென்றும், இறைவேதம் தவிர எந்நூலும் பிழையற்றதாக இருப்பதை அல்லாஹ் நாடவில்லை என இமாமவர்கள் கூறினார்கள் என்றும் ஒரு செய்தி நூல்களில் வழங்குகிறது. 80 தடவை படித்தபின் கூறப்படுவதனால் அச்சொல்லுக்கு மதிப்பு. ஒரு தடவையும் திருப்பிப் பாராதவன் அதனைத் தன் சோம்பலுக்குச் சான்றாக்குதல் தகாது.

இத்தொழிலை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த ‘வர்ராக்’ எனும் படியெடுப்போரையும் மறத்தலாகாது. பக்தாதில் வாழ்ந்த கிறித்தவத் தத்துவ அறிஞர் யஹ்யா இப்னு அதீ, இரவும் பகலுமாக ஏறக்குறைய 100 ஏடுகள் எழுதுவார் என அவருடைய நண்பர் இப்னுந் நதீம், ஹிஜ்ரீ 377-இல் (கி.பி. 987) தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் குறித்துள்ளார். இமாம் தபரீ அவர்களின் பெரும் தஃப்ஸீரை அவர் இருமுறை படியெடுத்தாராம். சமய எல்லை கடந்து, அறிவைப் பேணிய கைகள் பல என்பதற்கு இது நல்ல சான்று.

நம் வீட்டுப் பரண்களில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் ஏட்டுச் செல்வம் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் அச்செல்வத்தின் பெரும் பகுதி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென, உள்ள எழுத்துகளிலேயே மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை அமைத்தனர். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறி கண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிபு (ரஹ்) அவர்கள் (1816–1898) இயற்றிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்கள் இல்லந்தோறும் மார்க்க அறிவைக் கொண்டு சேர்த்தன. தமிழ் எழுத்துப் பயிலாத நம் பாட்டிமார்களும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தாய்மொழியில் மஸாயில்களைப் படித்தறிந்தனர்.

பின்னர்க் கல்லச்சு வந்தது. அதில் காதிபின் கையெழுத்தே கல்லில் ஏறித் தாளில் இறங்கும். எனவே அச்சு வந்த பின்னரும் எழுதுவோனின் கைக்கு மதிப்புக் குறையவில்லை. அவன் புள்ளி ஒன்றை விட்டுவிட்டால் அது படிகள் அனைத்திலும் விடுபட்டுப்போகும்.

இன்று அவ்வெழுத்தைப் படிக்க வல்லோர் அருகிவிட்டனர். தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதினாலன்றி அந்நூல்கள் அடுத்த தலைமுறைக்கு எட்டா என்னும் நிலையில், அப்பணியில் ஈடுபடுவோர் பாராட்டுக்குரியர். ஆனால் அவர்கள் இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் ஒழுங்குகளைத் தம் கைவிளக்காகக் கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒரு சான்று கூறுவோம். அரபியில் காஃபின் இரு வகையால் வேறுபடும் இரு சொற்கள் உள்ளன. ஒன்று இதயத்தைக் குறிப்பது. மற்றொன்று நாயைக் குறிப்பது. அரபுத் தமிழில் இரண்டும் வெவ்வேறாக நிற்கும். தமிழ் எழுத்தில் பெயர்த்தாலோ இரண்டும் ‘கல்பு’ என்றே ஆகிவிடும். இவ்வாறான இடங்களில் பெயர்ப்போர் ஓரத்தில் ஒரு குறிப்பேனும் இடாவிட்டால், எழுத்து மாறியதோடு பொருளும் மாறும்.

அதனினும் கவலைக்குரியது திருத்தும் ஆர்வம். பழைய ஏட்டில் ‘ஆணம்’ என்றிருப்பதைக் ‘குழம்பு’ என மாற்றுவோர், நூலை எளிமையாக்கியதாகவே எண்ணுவர். உண்மையில் நம் அன்னையர் நாவில் வாழ்ந்த ஒரு நல்ல தமிழ்ச் சொல்லின் சான்றைச் சுரண்டி எடுத்துவிடுகின்றனர். ஷைகுமார்கள் அவைக்குள் வரவொட்டாமல் தடுத்த கத்தி இதுவே.

ஆகவே, தம் இல்லத்தில் பழைய ஏடு வைத்திருப்போர் அதனைப் படியெடுக்க முனையும்போது மூன்றைக் கைக்கொள்வாராக. உள்ளதை உள்ளவாறே எழுதுக. விளங்காததை மாற்றாமல் அடையாளம் இடுக. எழுதி முடித்தபின் ஒருவர் மூல ஏட்டை உரக்கப் படிக்க, மற்றொருவர் படியில் சரிபார்த்துக்கொள்க. வீட்டுப் பெரியவர்கள் படிக்க, பிள்ளைகள் சரிபார்த்தால் நூலோடு எழுத்தும் கைமாறும். எழுதிவைத்த முன்னோர் தம் சொல்லை நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்துச் சென்றுள்ளனர். அதனை வாங்கியவாறே ஒப்படைக்கும் நல்வாய்ப்பை வல்ல நாயன் நமக்கு நல்குவானாக! ஆமீன்.