எண் இல்லாத சீட்டுக்கட்டு

நண்பர் நடத்தும் விளையாட்டு கிளப்புக்குப் போயிருந்தேன். அலமாரி முழுக்கப் பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள். மூலையில், சோப்பு டப்பா சைஸில் ஒன்று மட்டும் தூசி படிந்து கிடந்தது. மேலே நெப்போலியன் படம்.

‘அதுவா சார்? யாருமே தொடமாட்டாங்க. எப்படி ஆடறதுன்னே தெரியல’ என்றார், அங்கே இருந்த இளைஞர்.

திறந்தேன். 48 குட்டிச் சீட்டுகள். பூ, மரம், நிலா, மான், காட்டுப்பன்றி. ராஜா, ராணி? இல்லை. ஆஸ்? ம்ஹும். ஓர் எண்கூடக் கிடையாது. எண் இல்லாமல் என்ன சீட்டாட்டம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அது ஜப்பானில் கொண்டுபோய் விடும். வாருங்கள்.

1543ல் போர்ச்சுக்கீசியர்கள் அங்கே போய் இறங்கினார்கள். துப்பாக்கி வந்தது. பின்னாலேயே சீட்டுக்கட்டும் வந்தது. இஸ்பேட், ஆட்டின் மாதிரி நான்கு வகை, வகைக்கு 12 சீட்டு. ஆக மொத்தம் 48. சீட்டுக்கு ஜப்பானிய மொழியில் இன்றைக்கும் ‘கருதா’ என்றுதான் பெயர். ‘கார்த்தா’ என்கிற போர்ச்சுக்கீசியச் சொல்லின் பேரப்பிள்ளை அது.

1639ல் டோக்குகாவா அரசு போர்ச்சுக்கீசியர்களை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் சீட்டு போகவில்லை. காசு வைத்து ஆடினார்கள். அரசாங்கம் தடை போட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வேறு படம் வரைந்து வேறு கட்டு தயாரித்தார்கள். அதற்கும் தடை. மறுபடி புதுக்கட்டு. அரசாங்கம் தடுக்கில் பாய்ந்தால், ஜனங்கள் கோலத்தில் பாய்ந்தார்கள்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் பிறந்ததுதான் ‘ஹனாஃபுடா’. பூச்சீட்டு என்று அர்த்தம்.

சூட்சுமத்தைக் கவனியுங்கள். பழைய கட்டில் நான்கு வகை, வகைக்கு 12. இதில் 12 வகை, வகைக்கு நான்கு. பெருக்கிப் பாருங்கள், அதே 48! மாதத்துக்கு ஒரு செடி. ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, செப்டம்பருக்குச் செவ்வந்தி. செர்ரி என்றால் மூன்று, செவ்வந்தி என்றால் ஒன்பது. எண் சீட்டிலிருந்து அழிந்து, ஆடுகிறவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே எந்தப் போலீஸ் ரெய்டு நடத்தும்?

ஆனாலும் விடவில்லை. பூச்சீட்டுக்கும் பிறகு தடை வந்தது. 1880களில்தான், மெய்ஜி அரசு இறங்கி வந்து விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. 1889ல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் ஒரு சின்னக் கடை போட்டார். மல்பெரி மரப்பட்டைக் காகிதத்தில், கையாலேயே பூச்சீட்டு தயாரித்து விற்றார்.

1902ல் அரசாங்கம் வேறு வழியில் வந்தது. சீட்டுக்கட்டுக்கு வரி! பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தடுக்க முடியாததில் காசு பார்ப்பது என்பது எல்லா அரசாங்கத்துக்கும் தெரிந்த வித்தைதானே? பல சிறு தயாரிப்பாளர்கள் கடையை மூடினார்கள். யமாவுச்சி தாக்குப்பிடித்தார். அந்த வரி ஒழிந்தது எப்போது தெரியுமா? 1989ல்! அதற்குள் அவருடைய கடைக்கு நூறு வயது ஆகியிருந்தது.

கடையின் பெயர்? நின்டெண்டோ. ஆமாம், உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி தூங்காமல் ஆடுகிற மரியோவைக் கொடுத்த அதே கம்பெனிதான். 1983ல் அவர்களுடைய வீடியோ கேம் பெட்டி ஜப்பானை ஒரு கலக்கு கலக்கியது. அன்றைக்குக் கம்பெனியின் தலைவர், ஃபுசாஜிரோவின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி. இத்தனை சம்பாதித்த பிறகும் அவர்கள் பூச்சீட்டை விடவில்லை. நெப்போலியன் படம் போட்ட அந்தப் பெட்டி இன்றைக்கும் அவர்களுடைய சரக்குதான். பிராண்டின் பெயர் ‘ஜனாதிபதி’. சக்கரவர்த்தியின் படத்துக்கு ஜனாதிபதி என்று பெயர்!

அன்று சாயங்காலம் அந்த இளைஞரும் நானும் ‘கொய்-கொய்’ ஆடினோம். பூச்சீட்டில் இருவர் ஆடும் ஆட்டம். கையில் ஒரு செட் சேர்ந்ததும், புள்ளிகளை வாங்கிக்கொண்டு நிறுத்தலாம். அல்லது ‘கொய்-கொய்’, அதாவது ‘வா, வா’ என்று சொல்லித் தொடரலாம். தொடரும்போது எதிராளி முந்திவிட்டால் நமக்கு ஒன்றுமில்லை.

நான் ‘கொய்-கொய்’ என்றேன். அவர் முந்திவிட்டார். போச்சு!

முந்நூறு வருஷம் தடையும் வரியும் போட்ட அரசாங்கம் எதைக் கண்டு பயந்தது என்று அந்த நிமிஷம் புரிந்தது. நிறுத்த மனசு வராமல், இன்னொரு கட்டு கலைக்கச் சொன்னேன்.

நல்லவேளை, காசு வைக்கவில்லை.