பெஜோ ஜீப்பில் இருந்து டிபிஎஃப் வரை: நம்ம பக்கத்துப் பெரிய வண்டிகள்

பாகூர் நண்பர் ஒருத்தர், நெல் வியாபாரி, பழைய சொகுசு எஸ்யூவி ஒண்ணு வாங்கணும்னு குதிக்கிறார். ஒண்ணு டீசல், ஒண்ணு பெட்ரோல், ரெண்டும் 2021 மாடல். "பெரிய வண்டின்னா டீசல்தான்யா, விக்கும்போது காசு நிக்கும்"ங்கிறார். பந்தயத்துல இருக்கிறது ரெண்டு போகம் நெல்லுக் காசு. அதான் இந்தப் பதிவு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் பழைய ஆளுங்களுக்கு டீசல்னா மஹிந்திரா ஜீப்புதான். அதுல ஓடினது பெஜோ கம்பெனி வடிவமைச்ச 2.1 லிட்டர் டீசல் இன்ஜின். பிரெஞ்சுக்காரன் 1954ல போனான், அவன் இன்ஜின் பின்னாடியே வந்துச்சு :)

அப்புறம் சொகுசு வண்டிகள். 2002ல திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில 2.8 லிட்டர் டீசலோட மிட்சுபிஷி பஜேரோ. அடுத்த வருஷம் மறைமலை நகர்ல ஃபோர்டு எண்டெவர். 2009ல வந்த டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசல்ல மட்டும்தான் கிடைச்சுது. அதுக்குப் பெட்ரோல் வர 2016 ஆச்சு. ஹோண்டா சிஆர்வி தலைகீழ், 2018 வரைக்கும் பெட்ரோல் மட்டும். ஓட்ட சுகமான வண்டி, ஆனா செகண்ட் ஹேண்ட் சந்தையில அதைக் கேக்க ஆளு கம்மி.

காரணம் இன்ஜின் இல்லீங்க, பங்க். 2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! விவசாயிக்கும் லாரிக்கும் குடுத்த மானியத்துல பென்ஸ்காரனும் சவாரி பண்ணான். மறுவிற்பனை விலை அந்த மானியத்தோட நிழல்தான். 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. 2024 மார்ச்சுல விலையைக் குறைச்சப்போ டெல்லியில பெட்ரோல் 94.72, டீசல் 87.62. வித்தியாசம் ஏழு ரூபாய்தான்.

நடுவுல டெல்லிக்காரன் வேற. 2015 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அங்க 2000 சிசி, அதுக்கு மேல உள்ள டீசல் கார்களைப் பதிவு பண்றதை நிறுத்துச்சு; 2016 ஆகஸ்ட்ல 1 சதவீத வரியோட விட்டுச்சு. பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டி அங்க ஓடக் கூடாதுங்கிறதையும் 2018ல உறுதி பண்ணுச்சு. அப்படி விலை விழுந்த வண்டிதான் 'டெல்லி வண்டி'ங்கிற பேர்ல தெற்கே வந்துச்சு. பளபளப்பைப் பாத்து மயங்காதீங்க.

பி.ஒய். நம்பருக்கும் ஒரு கதை இருக்கு. 2017ல கேரளாவுல வரி தப்பிக்க, போலி விலாசம் குடுத்து சொகுசு கார்களைப் புதுச்சேரியில பதிவு பண்ணாங்கன்னு விசாரணை நடந்துச்சு. நம்ம ஊர் பக்கமே வராத வண்டிக்கு நம்ம ஊர் நம்பர்! வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில இருக்கிற விலாசத்தை நேர்ல போய்ப் பாக்கறது நல்லது.

இனி நீடிச்சு உழைக்கிற விஷயம். பழைய டீசல் கனமான இரும்பு, எளிய பம்பு. கிராமத்து மெக்கானிக்கே பாத்துடுவார். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததும் கதை மாறிடுச்சு. புகைக்குழாய்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி. கரி சேரச் சேர, அறுநூறு டிகிரி கிட்ட சூடேத்தி அதை எரிக்கணும். அதுக்கு நிக்காம கொஞ்ச நேரம் வேகமா ஓடணும். பாகூர் ஏரிக்கரை, கடைவீதி, ஸ்கூல்னு மூணு மூணு கிலோமீட்டரா ஓட்டினா அது எரியாது, அடைச்சுக்கும். மாத்தறதுன்னா பெரிய தொகை. பெட்ரோல் டர்போவும் சாமியார் இல்ல, நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள்ல வால்வுல கரி படியும். ஆனா சின்ன ஓட்டத்தைத் தாங்கும்.

கம்பெனி நிக்குதாங்கறதும் முக்கியம். ஃபோர்டு இங்க கார் செய்யறதை நிறுத்தறோம்னு 2021 செப்டம்பர்ல சொன்னதும் எண்டெவர் வச்சிருந்தவங்க முகத்தைப் பாக்கணுமே. அதே வருஷம் ஏப்ரல்ல, பஜேரோ செஞ்ச அதே திருவள்ளூர் ஆலையில இருந்து சிட்ரோன் சி5 ஏர்கிராஸ் வந்துச்சு. பிரெஞ்சு வண்டி, 2 லிட்டர், டீசல் மட்டும்! காலம் போன காலத்துல.

நண்பர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன்: மாசம் எத்தனை கிலோமீட்டர்? "அறுநூறு இருக்கும், பெரும்பாலும் கடலூர் போயி வர்றதுதான்"ன்னார். அப்போ பெட்ரோல்தான்யான்னு சொல்லிட்டேன். இன்னும் முறைச்சிக்கிட்டுதான் இருக்கார். உங்க பக்கம் நிலவரம் எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, அவருக்குப் படிச்சுக் காட்டணும்.