மஸ்ஜித் இந்தியாவில் இருந்து ஆற்றோடு போனால் கிள்ளான்: நம் முன்னோர் கரையிறங்கிய துறைமுக நகரின் வரலாறு

மஸ்ஜித் இந்தியாவில் துணி வாங்கிவிட்டு மஸ்ஜித் ஜாமேக் பக்கம் நடந்து வருபவர்கள், அங்கே இரண்டு ஆறுகள் கூடுவதைப் பார்த்திருப்பார்கள். ஒன்று கோம்பாக், மற்றொன்று கிள்ளான் ஆறு. இங்கிருந்து மேற்கு நோக்கி வளைந்து நெளிந்து ஓடும் கிள்ளான் ஆறு, மலாக்கா நீரிணையில் கலப்பதற்கு முன் கடைசியாகத் தொட்டுச் செல்லும் பெரிய நகரம்தான் கிள்ளான்.

தலைநகரில் இருந்து சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த ஊரை, தீபாவளிக் கடைத்தெருவாகவும் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பெயர்போன இடமாகவும் நம்மில் பலர் அறிவோம். சிலாங்கூர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் ஏராளமானோர் இந்த நாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் பதித்தது கிள்ளான் துறைமுகத்தில்தான். சுயமரியாதைக்காக அவர்கள் ஒன்றுதிரண்டு எழுந்ததும் இதே வட்டாரத்தில்தான். இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலில் தேடிப் படிப்பதைவிட, ஒரு நாள் அந்த ஊரில் நடந்து தெரிந்துகொள்வது எளிது.

கோலாலம்பூருக்கு மூத்த ஊர்

1365-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட நாகரகிருதாகமம் என்ற ஜாவானிய நூலிலேயே கிள்ளானின் பெயர் வருகிறது. அதற்கும் வெகு காலம் முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாக, கிள்ளானில் கண்டெடுக்கப்பட்ட பழங்கால வெண்கல மணி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மலாக்கா சுல்தானகத்தின் புகழ்பெற்ற பெண்டஹாராவான துன் பேராக், அப்பதவிக்கு வருவதற்கு முன் கிள்ளானின் தலைவராக இருந்தவர்.

உள்நாட்டில் விளைவதும் தோண்டி எடுப்பதும் ஆற்று வழியே கடலுக்குப் போகவேண்டி இருந்த காலம் அது. ஆற்று முகத்தை யார் பிடித்திருந்தாரோ, வரி வசூலிக்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. கிள்ளானின் செல்வத்துக்கும் சண்டைக்கும் இதுவே காரணம்.

1857-இல் கிள்ளானின் அதிபதியாக இருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே மேலே அனுப்பினார். அவர்கள் கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தனர். முதல் மாதத்திலேயே காய்ச்சலுக்கு 69 பேர் பலியானார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனாலும் ஈயம் கிடைத்தது. அவர்கள் இறங்கிய சேற்றுத் துறைதான் கோலாலம்பூராக வளர்ந்தது. அந்த வகையில் தலைநகரைப் பெற்றெடுத்த தாய் கிள்ளான்.

அதே 1857-இல் ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு வீடு, 'கெடோங் ராஜா அப்துல்லா' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. ஈயமும் உணவுப் பொருள்களும் அங்கே சேர்த்து வைக்கப்பட்டன.

ஈய வரியின் மீதான பூசல் பெரும் சண்டையாக மூண்டது. கிள்ளானை முன்னர் ஆண்டவரின் மகனான ராஜா மஹ்டி, ராஜா அப்துல்லாவின் தரப்பை எதிர்த்து எழுந்தார். 1867 முதல் 1874 வரை நீடித்த அந்தப் போர், கிள்ளான் போர் என்றும் சிலாங்கூர் உள்நாட்டுப் போர் என்றும் அழைக்கப்படுகிறது. போர் ஓய்ந்த கையோடு பிரிட்டிஷார் சிலாங்கூரில் காலூன்றினர். சில காலம் மாநிலத் தலைநகராக விளங்கிய கிள்ளான், 1880-இல் அந்த இடத்தைக் கோலாலம்பூருக்கு விட்டுக் கொடுத்தது.

சதுப்பு நிலத்தில் எழுந்த துறைமுகம்

1886-இல் கோலாலம்பூரில் இருந்து புக்கிட் கூடா வரை ரயில் பாதை போடப்பட்டது. ஆற்றின் மீது பாலம் கட்டப்பட்டதும் 1890-இல் ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. ஆனால் ஆறு ஆழமில்லாதது. சுமார் 13 அடிக்கு மேல் நீரில் அமிழும் கப்பல்களால் நகரத்துத் துறைக்கு வர முடியவில்லை. அதனால் ஆற்று முகத்திலேயே புதிய துறைமுகம் அமைக்க முடிவானது. 1899-இல் ரயில் அங்கு நீண்டது. 1901 செப்டம்பர் 15-ஆம் தேதி துறைமுகம் திறக்கப்பட்டது. மலாய் நாடுகளின் பிரிட்டிஷ் ஆட்சியில் பெரும்பங்கு வகித்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் அது போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது.

திறந்த இரண்டே மாதத்தில் அந்தத் துறைமுகத்தை மலேரியா முடக்கிப் போட்டது. சதுப்பு நிலக் காட்டை வெட்டிக் கட்டிய இடம் அது. வெட்டிய இடமெல்லாம் நீர் தேங்கிக் கொசு பெருகியது. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பைக் களத்தில் கையாண்டார். காடு வெட்டப்பட்டது, வடிகால்கள் தோண்டப்பட்டன, தேங்கிய நீர் வற்றியது. நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் பெரிதும் தணிந்தது. கொசுவை ஒழித்து மலேரியாவை வென்ற முன்னோடி முயற்சிகளில் ஒன்றாக இதை மருத்துவ உலகம் இன்றும் குறிப்பிடுகிறது. பின்னர் வாட்சன் தன் பணியை ரப்பர் தோட்டங்களுக்கும் விரித்தார். அங்கே காய்ச்சலுக்குக் கொத்துக் கொத்தாக மடிந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள்.

கப்பலேறி வந்தவர்கள்

கிள்ளானைச் சுற்றியுள்ள காப்பார், மேரு, ஜெராம், பந்திங் வட்டாரங்களில் முதலில் காப்பியும், பிறகு ரப்பரும் பயிரிடப்பட்டன. பால்மரம் வெட்ட ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். ஒப்பந்த முறையில் சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் ஒரு பகுதி. அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். தோட்டத்துக்கு மட்டுமன்றி, ரயில்வேக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் துறைமுகத்துக்கும் அவர்கள் உழைத்தனர்.

கரையிறங்கியதும் வீடு போய்ச் சேர முடியாது. தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டனர். பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற பாதையில் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்றும் நம் குடும்பங்களில் முதியவர்களைக் கேட்டால், 'தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர்' என்பார்கள்.

1941: சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம், மலாயாத் தமிழர் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. உலகப் போரால் ரப்பர் விலை ஏறியிருந்தது. ஆனால் தமிழ்த் தொழிலாளிக்கு நாட்கூலி சுமார் 50 காசுதான். சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அந்த வேறுபாட்டை நீக்கக் கோரியே போராட்டம் தொடங்கியது.

கூலியோடு அவர்கள் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தகுந்த மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்கார துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்ட வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். அந்தப் போராட்டம் எதற்காக நடந்தது என்பதை அறிய இந்த ஒரு கோரிக்கை போதும்.

போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். 1941 மே 5-ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மீண்டும் வெடித்து மற்ற தோட்டங்களுக்கும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வர, இந்தப் போராட்டம் மக்கள் நினைவில் இருந்தே ஒதுங்கிப் போனது.

உலகப் பட்டியலில் ஒரு துறைமுகம்

1963-இல் துறைமுக வாரியம் அமைக்கப்பட்டது. 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. 1986-இல் கொள்கலன் முனையம் தனியார்மயமானது; நாட்டின் முதல் பெரிய தனியார்மயமாக்கல்களில் இதுவும் ஒன்று. இன்று வடதுறைமுகமும் மேற்குத் துறைமுகமும் பெரும் கப்பல்களைக் கையாளுகின்றன. 2023-இல் மட்டும் 20 அடி அளவுக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்கள் இங்கே ஏறி இறங்கின. உலகின் பரபரப்பான கொள்கலன் துறைமுகங்களில் ஒன்றாகப் போர்ட் கிள்ளான் இடம்பெற்றுள்ளது. 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளான் அரச மாநகர் என்ற தகுதியையும் பெற்றது.

பார்க்க வேண்டிய இடங்கள்

தெங்கு கிளானா சாலை: கிள்ளானின் லிட்டல் இந்தியா. சேலைக் கடை, நகைக் கடை, பூக்கடை, மளிகைக் கடை, பலகாரக் கடை என நீளும் தெரு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. இதே சாலையில் நகர தண்டாயுதபாணி கோயிலும் உள்ளது.

சுந்தரராஜப் பெருமாள் கோயில்: 1892-இல் தோன்றிய இக்கோயில், நாட்டின் பழமையான வைணவத் தலங்களில் ஒன்று. புரட்டாசி சனிக்கிழமைகளில் பல ஊர்களில் இருந்தும் பக்தர்கள் குவிகின்றனர்.

கிள்ளான் இந்தியர் பள்ளிவாசல்: இந்திய முஸ்லிம்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவி, பின்னர் புதுப்பித்துக் கட்டிய பள்ளிவாசல். தலைநகரின் மஸ்ஜித் இந்தியாவைப் போலவே இதற்கும் 'மஸ்ஜித் இந்தியா' என்ற பெயர் வழக்கில் உண்டு.

சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சியகம்: 1909-இல் எழுந்த வெள்ளை மாளிகை. மஸ்ஜித் ஜாமேக்கை வடிவமைத்த ஏ.பி. ஹப்பக்தான் இதையும் வடிவமைத்தார். அரச குடும்பத்தின் பொருள்கள் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

ஆலம் ஷா அரண்மனையும் சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும்: அரண்மனையை வெளியில் இருந்து காணலாம். பள்ளிவாசல் 1930-களில் கட்டப்பட்டது. வழக்கமான பள்ளிவாசல் அமைப்பில் இருந்து மாறுபட்ட மேற்கத்தியக் கட்டடப் பாணி கொண்டது.

லூர்து அன்னை தேவாலயம்: 1928-இல் கட்டப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்களும் கூடி வழிபடும் இடம்.

கோத்தா பாலம்: 1961-இல் திறக்கப்பட்ட ஈரடுக்குப் பாலம். மேல்தளம் வாகனங்களுக்கு, கீழ்த்தளம் நடந்து செல்வோருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் என்று கட்டப்பட்டது. வட கிள்ளானையும் தென் கிள்ளானையும் இணைத்த இந்தப் பாலத்தின் அருகே நின்றால் ஆற்றின் அகலம் கண்ணுக்குத் தெரியும்.

கெத்தாம் தீவு: போர்ட் கிள்ளான் படகுத்துறையில் இருந்து படகில் போகலாம். நீர் மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகள் கொண்ட மீனவர் கிராமம். கார் கிடையாது, எங்கும் சைக்கிள்தான்.

போவது எப்படி?

மஸ்ஜித் இந்தியாவில் இருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பேங்க் நெகாரா நிலையத்தில், போர்ட் கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகும். கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் லிட்டல் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். கடைசி நிலையமான போர்ட் கிள்ளானுக்குப் போனால் படகுத்துறை அருகிலேயே இருக்கிறது. காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. காலையில் கிளம்பினால் கோயில், காட்சியகம், பகல் சாப்பாடு, மாலையில் படகுத்துறை என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஆறு ஒன்றுதான்

கோலாலம்பூரில் நாம் வீசும் நெகிழிப் பைகளும் புட்டிகளும் மழை பெய்ததும் இந்த ஆற்றில்தான் விழுகின்றன. அவற்றைக் கடலில் கலப்பதற்கு முன் தடுக்க, 2019 முதல் கிள்ளானில் மிதக்கும் குப்பை அள்ளும் இயந்திரம் ஒன்று இயங்கி வருகிறது. மேலே இருப்பவர் எறிவதைக் கீழே இருப்பவர் அள்ள வேண்டியிருக்கிறது.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகள் மறைந்தன. அங்கே வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலும் மற்றப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போகும் பெற்றோர், துணிக்கடைக்குப் போவதற்கு முன் படகுத்துறையில் ஐந்து நிமிடம் நிற்கலாம். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், சைக்கிளை விட்டு ஏன் இறங்க மறுத்தார்கள் என்று சொல்லலாம். வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது அதைவிட நல்லது.