விண்ணியற் பொறியியலிற் பெண்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் 1824ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றன. அவ்வாண்டில் அமெரிக்க மிசன் ஹரியட் வின்சுலோவின் பொறுப்பில் உடுவிலிலே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று என்பதை நாம் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லி வந்துள்ளோம். பெருமையிற் பிழையில்லை, ஆனால் அது எழவேண்டிய வினாவை எழவிடாமற் செய்துவிடுகின்றது. 2023 செப்ரெம்பர் 2ஆம் நாள் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகார் சாஜி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செங்கோட்டையில், விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னர், 2012 ஏப்பிரல் 26இல், இந்தியா தானே உருவாக்கிய முதலாவது ராடார்ப் படப்பிடிப்புச் செய்மதியான ரிசாற்-1 விண்ணேறியபோது அதன் திட்ட இயக்குநர் அரியலூரைச் சேர்ந்த வளர்மதி. உடுவிலைப் போன்ற ஒரு தொடக்கம் செங்கோட்டைக்கோ அரியலூருக்கோ வாய்க்கவில்லை. அவ்வாறிருக்க, அங்கு திறந்த பாதை இங்கு ஏன் இத்துணை பிந்தித் திறந்தது, திறந்தபோதும் ஏன் ஒடுக்கமாயிருந்தது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

உடுவிலிலிருந்து சில மைல் தொலைவில், வட்டுக்கோட்டையில், அதே மிசன் 1823இல் ஆண்களுக்கெனச் செமினரியை நிறுவியிருந்தது. அங்கு கணிதமும் வானியலும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச் 20இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கதை யாழ்ப்பாணத்து அறிவியல் வரலாற்றிற் பிரசித்தமானது. பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாத்திரியாரின் கணிப்பும் செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் தொடக்க நேரத்தில் ஏறத்தாழக் கால் மணி வேறுபட்டன; வானம் பூவரின் பக்கம் நின்றது. இச்சம்பவத்தை மதங்களுக்கிடையிலான வாதமாகவும், கீழைத்தேய மேலைத்தேய அறிவுகளின் மோதலாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். எமக்கு இங்கு முக்கியமாவது பிறிதொன்று. அவ்வாதத்தில் இரு பக்கத்திலும் நின்றவர்கள் ஆண்கள். அன்றிரவு அதே நிலவின் கீழிருந்த உடுவில் மாணவியருக்கு வாசிப்பும் எழுத்தும் ஓரளவு எண்கணிதமும் வேதாகமமும் தையலும் கற்பிக்கப்பட்டன. கிரகணத்தைக் கணிக்கும் கணிதம் கற்பிக்கப்படவில்லை. செமினரியில் உருவாகும் கிறித்தவ இளைஞருக்கு ஏற்ற துணைவியரை உருவாக்குவதே பாடசாலையின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. படிப்பை முடித்துக் கிறித்தவரை மணந்த பெண்ணுக்கு மிசனே சீதனமும் வழங்கிற்று. சீதனத்தை ஒழிக்க வந்ததன்று, அதனைத் தன் தேவைக்குப் பயன்படுத்த வந்ததே அக்கல்வி என்று சொன்னால் அது மிகையாகாது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. அதன் பழைய மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். வட்டுக்கோட்டைக் கல்வி பட்டமாகவும் உத்தியோகமாகவும் மாறிற்று. உடுவிற் கல்வி, ஆசிரியத் தொழிலை விடுத்தால், நல்ல சம்பந்தமாக மாறிற்று. இவ்விரு வழிகளும் தற்செயலாய்ப் பிரிந்தவையல்ல. ஆறுகளற்ற, நிலம் குறைந்த குடாநாட்டிற் காலனித்துவ அரசின் உத்தியோகமே மத்தியதர வர்க்கத்தின் மூலதனமாயிற்று. அவ்வுத்தியோகத்தைப் பெறுபவன் மகன். அவனுக்குக் கொடுக்கப்படும் சீதனத்தைச் சுமப்பவள் மகள். தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாதென்று விதித்தது. காணி அவள் பேரில், கையெழுத்து அவன் கையில்.

இருபதாம் நூற்றாண்டிற் பெண்கள் கல்லூரிகள் பெருகின. வேம்படியும் சுண்டிக்குளியும் ஏற்கெனவே இருந்தன. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. இதனால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆசிரியர்களாயினர், தாதியராயினர், மருத்துவருமாயினர். பொறியியலாளராக ஏன் ஆகவில்லை? பெண்ணின் இயல்பு, உடல்வலு என்றெல்லாம் சொல்லப்பட்ட காரணங்களை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. நெல் வயலிலும் புகையிலைத் தோட்டத்திலும் கூலிக்கு உழைத்த பெண்களின் உடல்வலு பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. விடை வேறிடத்தில் உள்ளது. மருத்துவம் பெண்ணை ஏற்றது, ஆண் பெண் பிரிப்பு நிலவிய சமூகத்திற் பெண் நோயாளிக்குப் பெண் வைத்தியர் தேவைப்பட்டமையால். பெண்கள் பாடசாலைக்குப் பெண் ஆசிரியர் தேவைப்பட்டமையும் அவ்வாறே. அதாவது பழைய ஒழுங்கைக் காப்பதற்கே அப்புதிய தொழில்கள் பெண்ணுக்குத் திறக்கப்பட்டன. பாலத்துக்கும் மின்மாற்றிக்கும் பெண் பொறியியலாளர் தேவையென்று அவ்வொழுங்கு என்றும் கேட்டதில்லை. அத்துடன் 'இஞ்சினியர் மாப்பிள்ளை' என்பது யாழ்ப்பாணத்துக் கலியாணச் சந்தையின் அதியுயர் பண்டங்களுள் ஒன்று. மகனின் பொறியியற் பட்டம் வீட்டுக்குச் சீதனத்தைக் கொண்டுவரும்; மகளின் பட்டமோ, அவளிலும் மேலான மாப்பிள்ளையைத் தேடவைத்துச் சீதனத்தை உயர்த்தும். இக்கணக்கை எல்லாக் குடும்பங்களும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே போட்ட கணக்கு அது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1950இல் பொறியியற் பீடம் தொடங்கியது. இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் என்று கொள்ளப்படும் பிரேமளா சிவசேகரம் அங்கு பயின்று வெளியேறியது 1960களில். அப்பாதை தமிழ்ப் பெண் ஒருவராலேயே திறக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அது அகலுமுன்னரே தரப்படுத்தல் வந்துவிட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. மொழியை அளவுகோலாகக் கொண்ட இவ்வனுமதி முறை இனப்பாகுபாடு என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இரு விடயங்களை முற்போக்காளர்களும் போதியளவு பேசவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ் மாணவருக்குக் கதவு திறந்தது என்பது ஒன்று. தரப்படுத்தல் பற்றிய எமது எழுத்துகளிற் பாதிக்கப்பட்டவன் எப்போதும் 'மாணவன்' என்பது மற்றையது. இடங்கள் சுருங்கும்போது முதலிற் கைவிடப்படுவது எவருடைய விண்ணப்பம் என்ற வினாவை எம்மவர் எழுப்பவேயில்லை.

இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போம். அங்கும் தொடக்கம் வர்க்கச் சலுகையோடுதான் அமைந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரி 1940ஐ ஒட்டியே பெண்களைச் சேர்த்தது. அங்கு மின்பொறியியல் கற்று 1943இல் வெளிவந்த அ. லலிதா, பதினைந்து வயதில் மணமாகி, கைக்குழந்தையுடன் விதவையானவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியின் பேராசிரியர். விதவைக் கோலம் விதித்த சிறையிலிருந்து லலிதாவை மீட்டது அவருடைய அறிவாற்றலும் தந்தையின் பதவியும் சேர்ந்தே. அவரோடு வெளிவந்த லீலம்மா ஜோர்ஜும் பி. கே. திரேசியாவும் கட்டடப் பொறியியல் பயின்றனர். லலிதா பின்னர் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் வழிகளுக்கான வடிவமைப்பில் ஈடுபட்டார். விமானமும் ரொக்கெற்றும் இன்னும் தொலைவிலிருந்தன.

நாற்பது ஆண்டுகளின் பின் வளர்மதியும் நிகார் சாஜியும் வருகின்றனர். இவர்களுக்குப் பேராசிரியத் தந்தையர் இல்லை. இருந்தது அரசின் கல்லூரி. வளர்மதி அரியலூர்ப் பாடசாலையிலிருந்து கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், அங்கிருந்து கிண்டிக்கும் சென்று, 1984இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்தார். நிகார் சாஜி பயின்றது திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரி. அது 1981இல் நிறுவப்பட்டது. செங்கோட்டைப் பெண்ணொருத்தி எட்டக்கூடிய தொலைவில், எட்டக்கூடிய கட்டணத்தில் ஒரு கல்லூரி உரிய வேளையில் எழுந்தது. பின் ராஞ்சியில் மேற்படிப்பு. 1987இல் விண்வெளி நிறுவனம். அதே 1981இல், யூன் முதலாம் நாள் விடியுமுன், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது.

தமிழ்நாட்டு அரசும் பல்கலைக்கழக அனுமதியில் தலையிட்டது என்பதை மறத்தலாகாது. நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணைகளில் தொடங்கி, 1980இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 சதவீதமாக உயர்ந்தது வரை அதற்கு நீண்ட வரலாறுண்டு. இவ்விருவருள் எவரும் அதனாற் பயன்பெற்றார் என்று நாம் சொல்லவரவில்லை. சாதிப் பின்தங்கலை அளவாகக் கொண்ட தலையீடு பொறியியற் கல்வியை மாவட்டங்களுக்குப் பரப்பிற்று. மொழியை அளவாகக் கொண்ட தலையீடு ஓரினத்தின் இளைஞரை வெளியே தள்ளிற்று. அரசு தலையிடுதல் ஒன்றே. அதன் வர்க்க, இனச் சார்பு வேறு.

இங்கு புகழ்ச்சிக்கு ஒரு வரம்பிடவேண்டும். வளர்மதி 1984 முதல் 2012 வரை, நிகார் சாஜி 1987 முதல் 2023 வரை, இன்சாற், ஐ.ஆர்.எஸ். போன்ற செய்மதித் திட்டங்களினூடாகப் படிப்படியாக உயர்ந்தவர்கள். சோதனைகள், தரவுப் பதிவு, பிழை தேடல், மீண்டும் சோதனை என்று நகரும் தொழில் அது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றிய பாதையில் ஆதித்யா 2024 சனவரி 6இல் நிலைகொண்டது ஒருவரின் மேதைமையால் அன்று, பல்லாயிரவரின் கூட்டுழைப்பால். இதனை அவ்விருவரும் மறுக்கமாட்டார்கள். 'சாதனைப் பெண்மணி' என்று தலைப்பிடும் சஞ்சிகைகளே மறைக்கின்றன. 2014 செப்ரெம்பரில் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது சேலையும் பூவுமாகப் பெண்கள் சிலர் மகிழும் புகைப்படம் உலகெங்கும் பரவியது. அவர்கள் விஞ்ஞானிகளல்லர், நிருவாகப் பிரிவினர் என்று நிறுவனம் பின்னர் தெளிவுபடுத்தியதும் சிலர் ஏமாற்றமுற்றனர். கணக்கெழுதாமலும் கோப்பு நகராமலும் எந்த ரொக்கெற் எழுந்தது? மறுபுறம், 2023இல் தமிழ்நாட்டு அரசு பாராட்டிய ஒன்பது விண்வெளி விஞ்ஞானிகளுள் பெண்கள் இருவர்: சந்திரயான்-2 திட்ட இயக்குநர் முத்தையா வனிதாவும் நிகார் சாஜியும். ஒன்பதில் இரண்டு. பாதையின் அகலம் அவ்வளவே.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். விமானம் குடாநாட்டுக்கு அந்நியமானதன்று. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. அவ்வாறு பயணச் சாதனமாக அறிமுகமான விமானம் 1980களில் குண்டு வீசும் பொறியாயிற்று. 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சிற் கொல்லப்பட்டனர். மின்சாரமற்ற அவ்வாண்டுகளில் யாம் போத்தல் விளக்கின் முன் பௌதிகம் படித்த பிள்ளைகள், இரைச்சலைக் கொண்டு விமானத்தின் வகையைச் சொல்லக் கற்றிருந்தனர். பறத்தலின் விஞ்ஞானத்தை இந்நாட்டுச் சிறுமி முதலிற் பயின்றது பதுங்குகுழியில்.

விண்ணியற் பொறியியலை வெறும் முன்னேற்றச் சின்னமாகக் கொள்ள எம்மால் முடியாமைக்கு இதுவே காரணம். 2009 ஏப்பிரல் 20இல் ஒரே ரொக்கெற்றில் இரு செய்மதிகள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்றன. ஒன்று இஸ்ரேலிய ராடார் பொருத்திய கண்காணிப்புச் செய்மதியான ரிசாற்-2. மற்றையது அண்ணா பல்கலைக்கழகம் ஆக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாற். அதே நாளில் புதுமாத்தளனில் மண் அணை உடைக்கப்பட்டு மக்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியேறினர். இவ்விரு நிகழ்வுகளையும் நாம் காரணகாரியமாக இணைக்கவில்லை. ஆனால் பின்னர் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு அப்பிரதேசத்தின் அழிவை நிறுவ வணிகச் செய்மதிப் படங்களையே சான்றாக்கியது. மேலிருந்து நோக்கும் கண் எவர் கையில் என்பதைப் பொறுத்தே அது கண்காணியாகவும் சாட்சியாகவும் ஆகின்றது.

இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான இராவணா-1 ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடையது. யப்பானில் இளம் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஆக்கி, 2019இல் விண்ணுக்குச் சென்றது. அவ்விருவருள் ஒருவர் துலானி சாமிக்கா என்ற பெண். அவ்வாண்டு ஒக்ரோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 1970களிலிருந்து கோரப்பட்டு வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் 2010களிற் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன் விரிவுரை மண்டபங்களில் மாணவியர் இன்று புதுமையல்லர். வானூர்திப் பொறியியலோ இரத்மலானையில், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கப்படுகின்றது. பலாலியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குக் காணி இழந்த வலிகாமம் வடக்குக் குடும்பமொன்றின் மகள் விமானப் பொறியியலை விரும்புவாளாயின், அவள் விண்ணப்பம் அனுப்பவேண்டிய முகவரிகளுள் அதுவும் ஒன்று.