பித்தளை வில்லையில் பெயர் இல்லை

பெரியதாழை நண்பர் ஒருவர் பழைய போலீஸ், தீயணைப்புச் சின்னங்களைச் சேர்க்கிறார். போன மாதம் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். அதில் ஒரு பித்தளை வில்லை. எண் இருந்தது, அணிந்தவர் பெயர் இல்லை. "சௌகிதார் வில்லை, வடக்கே இருந்து வாங்கினது. இப்ப நல்ல விலை போகுது" என்றார்.

சௌகிதார் என்றால் ஊர்க்காவலர். நம் பக்கம் தலையாரி என்போம். 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்தில் போலீஸ் வேலையைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த்தலைவர் என்று வருவாய்த் துறை ஆட்களிடமே கொடுத்தது. கடைசிப் படியில் தலையாரி. வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள் என்றால் என்ன ஆகும்? 1855ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையைப் படியுங்கள். விரல்களை நெரிக்கும் கிட்டி, தலையைக் குனிய வைத்துக் காலோடு கட்டும் அண்ணாந்தாள், எல்லாம் வரிப் பாக்கிக்காக. அதன் பிறகுதான் 1859இல் 24ஆம் சட்டம் வந்து தனிப் போலீஸ் துறை உருவானது. அந்தத் துறையின் உடுப்பையும் சின்னங்களையும் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில், 2021இல் திறந்த அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கிராமத்தில் என்ன மாறியது? 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் கர்ணம் முதல் வெட்டியான், தோட்டி வரை எல்லா வேலையையும் வாரிசு முறையில் வைத்தது. கர்ணத்துக்கு வாரிசாக வந்தது கணக்கு ஏடு. தெற்கே பல ஊர்களில் காவல் மறவர் கையில் இருந்தது. தண்டோரா போடுவதும், பிணம் எரிப்பதும், கச்சேரிக்கு மூட்டை சுமப்பதும் பெரும்பாலும் நம் மக்களுக்கு வாரிசாக வந்தன. கூலி களத்து நெல், அதுவும் மிராசுதார் மனசு வைத்தால்.

பம்பாயில் மகர்களுக்கும் இதே கதைதான். 1928இல் அம்பேத்கர் அங்கே சட்டசபையில் பரம்பரைச் சேவகத்தை மாற்ற மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு சைமன் கமிஷனிடம், ஒடுக்கப்பட்டோரைப் போலீசிலும் ராணுவத்திலும் சேர்க்க வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊருக்கு இரவும் பகலும் ஓட நம் கால் வேண்டும், அரசு உடுப்புப் போட நம் உடம்பு ஆகாது என்ற கணக்கைத்தான் அவர் இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கினார்.

தமிழ்நாட்டில் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தது 1980இல்தான். அந்த முறையில் வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் நம் தெருவில் உயிரோடு இருக்கிறார்கள். சின்னம் வாங்கக் காசு வேண்டாம். ஒரு நோட்டோடு போய்க் கேளுங்கள்: உங்கள் ஊர் வெட்டியான், தோட்டி யார்? நெல் எத்தனை மரக்கால்? எந்த வருஷம் விட்டார்கள், விடும்போது யார் தடுத்தார்கள்?